படிவுப் பாறைகளின் கனிமக்கூறும் இயற்கைக் கதிரியக்கமும்: பகுப்பாய்வு முறைகளும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

'இப்பாறை மாதிரியில் ரேடியம்-226 கிலோகிராமுக்கு 40 பெக்கெரல் உள்ளது' என்பது போன்ற வாக்கியம் நிலவியல், கதிரியக்க இயற்பியல் ஆய்வறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறுவது. இதனை ஒருவர் 'கதிர்வீச்சு அளவு 40' என்றும், மற்றொருவர் 'ரேடியத்தின் செயல்திறன் 40' என்றும், வேறொருவர் 'கதிரியக்கத் தாக்கம் 40' என்றும் மொழிபெயர்க்கக்கூடும். மூன்று தொடர்களிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் மூல வாக்கியம் கூறுவது, ஒரு கிலோகிராம் பாறையினுள் ஒரு நொடியில் 40 ரேடியம் அணுக்கருக்கள் சிதைகின்றன என்பதை மட்டுமே. முதல் மொழிபெயர்ப்பு அதனைப் பாறையை விட்டு வெளிவரும் கதிராக மாற்றிவிடுகிறது. மூன்றாவது அதனை மனித உடலில் நேரும் விளைவாகவே ஆக்கிவிடுகிறது. இரண்டாவது தெளிவான பொருள் எதனையும் தரவில்லை.

இத்தகைய அறிக்கைகளைப் படிப்போர் அறிவியலாளர் மட்டும் அல்லர். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக்கேட்பு நடைபெறும் திட்டங்களில் மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தோடு மாநில ஆட்சிமொழியிலோ வட்டார மொழியிலோ தரப்பட வேண்டும். சுரங்கத்தின் அருகில் வாழும் உழவரும் மீனவரும் முடிவுக்கு வருவது அந்தச் சுருக்கத்தின் சொற்களைக் கொண்டுதான். சொல் பிழைபட்டால், அஞ்ச வேண்டாத இடத்தில் அச்சமும், கேள்வி எழுப்ப வேண்டிய இடத்தில் அமைதியும் தோன்றும்.

படிவுப் பாறைகளின் கனிமங்களும் இயற்கைக் கதிரியக்கமும் எவ்வாறு ஆராயப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒவ்வொரு படியிலும் எழும் கலைச்சொல் சிக்கல்களையும் சுட்டுகிறது. பாறையில் என்ன உள்ளது, பாறையிலிருந்து என்ன வெளிப்படுகிறது, உடலை எவ்வளவு சேர்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும் என்பதே இதன் மையக் கருத்து.

2. படிவுப் பாறையும் கனிமமும்

பழைய பாறைகள் வெயிலாலும் நீராலும் காற்றாலும் சிதைந்து, ஆற்றாலும் கடலாலும் கடத்தப்பட்டு, ஓரிடத்தில் அடுக்கடுக்காகப் படிந்து இறுகுவதால் உருவாவது படிவுப் பாறை. நீரில் கரைந்த பொருள் வீழ்படிவாவதாலும், உயிரிகளின் ஓடுகளும் எலும்புகளும் சேர்வதாலும் உருவாகும் பாறைகளும் இவ்வகையினவே. இலங்கைத் தமிழில் இது அடையற்பாறை எனப்படும். இரண்டும் பொருத்தமான சொற்கள். எனினும் ஒரே நூலில் இரண்டையும் கலந்து வழங்கினால் அவை இருவேறு பாறைகள் என்னும் மயக்கம் ஏற்படும்.

மணற்கல்லில் பெரும்பான்மைக் கனிமம் குவார்ட்சு. சுண்ணாம்புக்கல்லில் கால்சைட்டும், டோலமைட் பாறையில் டோலமைட்டும் மிகுந்திருக்கும். களிப்பாறையில் கயோலினைட்டு, இல்லைட்டு முதலிய களிமண் கனிமங்கள் மிகும். களிப்பாறையை மாக்கல் எனக் குறித்தல் தவிர்க்கத்தக்கது. மாக்கல் என்னும் சொல் தமிழ்நாட்டு வழக்கில் கற்சட்டி செய்யப் பயன்படும் மென்மையான உருமாறிய பாறையையே குறிக்கிறது.

'கனிமம்', 'தாது', 'கனிம வளம்' ஆகியவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கையாளும் வழக்கம் உள்ளது. குறிப்பிட்ட வேதியியல் அமைப்பும் படிக அமைப்பும் கொண்டு இயற்கையில் தோன்றும் திண்மம் கனிமம். அதிலிருந்து ஓர் உலோகத்தை ஆதாயத்துடன் பிரித்தெடுக்க இயலும்போதுதான் அது தாது எனப்படும். வளம் என்பது பொருளியல் சார்ந்த மதிப்பீடு. ஒரு பாறையில் எவ்வெக் கனிமங்கள் எவ்விகிதத்தில் உள்ளன என்று மட்டும் கூறும் அறிக்கைக்குக் 'கனிம வள ஆய்வு' எனத் தலைப்பிட்டால், அவ்வூரில் சுரங்கம் வரப்போகிறது என்று படிப்போர் கருதுவது இயல்பே. இவ்விடத்தில் 'கனிமக்கூறு' என்னும் சொல் போதுமானது.

3. கனிமக்கூற்றைக் கண்டறியும் முறைகள்

பாறையை ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் தடிப்புள்ள மென்தகடாகத் தேய்த்து, முனைவுற்ற ஒளியில் நுண்ணோக்கியால் காண்பது நெடுங்கால முறை. கனிமங்களின் நிறம், பிளவு, ஒளிவிலகல் ஆகியவை அவற்றை இனங்காட்டும். மணிகள் எவ்வாறு பொருந்தியுள்ளன, அவற்றைப் பிணைக்கும் பசைப்பொருள் யாது என்பவையும் இம்முறையில் தெரியவரும்.

களிமண் கனிமங்கள் மிக நுண்ணியவை. ஒளி நுண்ணோக்கியில் பிரித்தறிய இயலாதவை. அவற்றுக்கு எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு முறை பயன்படுகிறது. பொடியாக்கிய பாறையின்மீது எக்ஸ்-கதிர் படும்போது, படிகத்தின் அணுத்தளங்களுக்கு இடையிலான தொலைவிற்கேற்பக் குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் வலிமையான கதிர்கள் தோன்றும். அக்கோணங்களைக் கொண்டு கனிமம் இன்னதென அறியலாம்.

மூன்றாவது, எக்ஸ்-கதிர் உடனொளிர்வு முறை. இது கனிமங்களைக் காட்டுவதில்லை. தனிமங்களின் அளவையே காட்டுகிறது. இதன் முடிவுகளை ஆக்சைடுகளாக எழுதுவது நிலவியல் மரபு. தூய கால்சைட்டைப் பகுத்தால் கால்சியம் ஆக்சைடு 56 விழுக்காடு என அட்டவணையில் வரும். எஞ்சிய 44 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. கால்சியம் ஆக்சைடு என்பது சுட்ட சுண்ணாம்பின் வேதியியற் பெயர் ஆதலால், 'இப்பாறையில் சுட்ட சுண்ணாம்பு 56 விழுக்காடு உள்ளது' என மொழிபெயர்க்க நேரலாம். பாறையில் சுட்ட சுண்ணாம்பு சிறிதும் இல்லை. அட்டவணை கணக்கிடும் மரபைக் காட்டுகிறதே அன்றிப் பாறையில் உள்ள பொருளைக் காட்டவில்லை. இத்தகைய இடங்களில் 'கால்சியம் ஆக்சைடாகக் கணக்கிட்டால்' என்னும் விளக்கத் தொடரைச் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.

4. கதிரியக்கம் பாறையில் இடம்பெறும் முறை

பாறைகளின் இயற்கைக் கதிரியக்கத்திற்குப் பெரிதும் காரணமானவை யுரேனியம்-238 தொடரும், தோரியம்-232 தொடரும், பொட்டாசியம்-40 ஐசோடோப்பும் ஆகும். இவற்றின் அரை ஆயுட்காலம் முறையே ஏறத்தாழ 447 கோடி, 1,405 கோடி, 125 கோடி ஆண்டுகள். புவி தோன்றிய காலந்தொட்டு இவை எஞ்சியிருப்பதற்கு இந்நீண்ட காலமே காரணம்.

பாறையின் கனிமக்கூற்றை முதலில் அறிந்தாலன்றி அதன் கதிரியக்கத்தைப் புரிந்துகொள்ள இயலாது. ஏனெனில் இம்மூன்று தனிமங்களும் வெவ்வேறு கனிமங்களில் தங்குகின்றன. பொட்டாசியம் பெல்ட்ஸ்பாரிலும் இல்லைட்டிலும் உள்ளது. தோரியம் நீரில் எளிதில் கரையாது. அது மோனசைட்டு போன்ற கனமான மணிகளோடு சேர்ந்து கடத்தப்படும், அல்லது களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். கேரளத்தின் கொல்லம் மாவட்டக் கடற்கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் மோனசைட்டு மணல் திரண்டிருப்பது இதனால்தான். அலைகள் இலேசான குவார்ட்சு மணிகளை அரித்துச் செல்ல, கனமான மணிகள் கரையில் தங்கிவிடுகின்றன. இங்குள்ளது இன்னும் பாறையாக இறுகாத படிவு. பாறைக்கும் படிவுக்கும் உள்ள இவ்வேறுபாடும் மொழிபெயர்ப்பில் காக்கப்பட வேண்டும்.

யுரேனியத்தின் இயல்பு வேறு. ஆக்சிஜன் மிக்க நீரில் அது ஆறு இணைதிறன் நிலையில் கரைந்து செல்லும். மட்கிய தாவரப் பொருள் நிறைந்த, ஆக்சிஜன் குறைந்த இடத்தை அடைந்ததும் நான்கு இணைதிறன் நிலைக்கு ஒடுக்கமுற்று வீழ்படிவாகும். மேகாலயத்தின் காசி மலைப் பகுதியில் மகாதேக் மணற்கல்லில் யுரேனியம் கரிமப் பொருளோடு சேர்ந்து காணப்படுவது இதற்குத் தக்க சான்று. பொதுவாகச் சுண்ணாம்புக்கல், டோலமைட் பாறை ஆகியவற்றில் கதிரியக்கம் குறைவு. ஆயினும் ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பாப் படுகையில் தும்மலப்பள்ளியில், பாஸ்பேட்டும் சிலிக்காவும் கலந்த டோலமைட் பாறையே யுரேனியத் தாதுவாக அமைந்துள்ளது. பாறையின் பெயரை மட்டும் கொண்டு கதிரியக்கத்தை மதிப்பிடலாகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மேலே வந்த 'ஒடுக்கம்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. இதற்குரிய ஆங்கிலச் சொல் பொது வழக்கில் 'குறைத்தல்' எனப் பொருள்படும். அதனைப் பின்பற்றி 'யுரேனியம் குறைந்தது' என எழுதினால் கருத்துத் தலைகீழாகிவிடும். ஒடுக்கமுற்ற இடத்தில்தான் யுரேனியம் மிகுந்து திரள்கிறது.

5. கதிரியக்கத்தை அளக்கும் முறை

மாதிரியை உலர்த்தி, பொடியாக்கி, சலித்து, எடையிட்டு, காற்றுப் புகாத கலத்தில் அடைத்து ஏறத்தாழ நான்கு வாரங்கள் வைத்திருப்பர். யுரேனியத் தொடரில் ரேடியம்-226 சிதைந்து ரேடான்-222 என்னும் வளிமம் தோன்றுகிறது; அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள். பொடியாக்கும்போது இவ்வளிமம் தப்பிவிடும். கலத்தை மூடி வைத்தால், ரேடானும் அதன் குறுகிய ஆயுளுடைய சேய் அணுக்கருக்களும் பெருகி, ரேடியம் சிதையும் அதே வீதத்தில் தாமும் சிதையும் நிலையை அடைகின்றன.

இச்சமநிலையின் ஆங்கிலப் பெயரில் வரும் 'செக்யூலர்' என்னும் அடைமொழி மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு பொறி. இந்திய அரசியல் வழக்கில் இச்சொல்லுக்குச் 'சமயச் சார்பற்ற' என்று பொருள். ஆனால் இதன் இலத்தீன் மூலச்சொல் 'தலைமுறை', 'ஊழி' என்னும் பொருளுடையது. சமயத் துறவுக்கு மாறான 'இவ்வுலகக் காலம் சார்ந்த' என்னும் பொருள்வழியே அரசியற் பொருள் கிளைத்தது. இயற்பியலிலும் வானியலிலும் 'நெடுங்காலம் சார்ந்த' என்னும் பொருள் நிலைத்தது. எனவே 'நெடுங்காலச் சமநிலை' என்பதே பொருந்தும் கலைச்சொல்லாகும்.

சமநிலை எய்திய மாதிரியை ஈயக் காப்பினுள் வைத்து, உயர்தூய்மை ஜெர்மானியம் காணியாலோ தாலியம் கலந்த சோடியம் அயோடைடு காணியாலோ காமாக் கதிர்களைப் பதிவு செய்வர். ஒவ்வோர் ஐசோடோப்பும் தனக்கே உரிய ஆற்றலுடைய காமாக் கதிரை உமிழும். பொட்டாசியம்-40 உமிழ்வது 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட். யுரேனியத் தொடரைப் பிஸ்மத்-214 உமிழும் 1,764 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரும், தோரியத் தொடரைத் தாலியம்-208 உமிழும் 2,614 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரும் காட்டிக்கொடுக்கும். காணி பதிவு செய்வது 'எண்ணிக்கை'. பாறையில் நிகழ்வது 'சிதைவு'. எல்லாச் சிதைவுகளும் எண்ணப்படுவதில்லை. காணியின் திறன், மாதிரியின் எடை, குறிப்பிட்ட காமாக் கதிர் வெளிப்படும் வாய்ப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டே எண்ணிக்கையிலிருந்து சிதைவு வீதம் பெறப்படுகிறது.

'பின்னணி' என்னும் சொல்லும் இத்துறையில் இருபொருள் படும். சுற்றுச்சூழலில் இயல்பாக உள்ள கதிர்வீச்சு 'பின்னணிக் கதிர்வீச்சு'; ஆய்வாளர் அளக்க விரும்புவது இதுவே. மாதிரி வைக்கப்படாத காணி பதிவு செய்யும் எண்ணிக்கை 'பின்னணி எண்ணிக்கை'. ஆய்வாளர் கழித்துவிட வேண்டியது இது. 'பின்னணி நீக்கப்பட்டது' எனச் சுருங்க எழுதினால், இயற்கைக் கதிர்வீச்சை மறைத்துவிட்டனர் என்னும் ஐயத்திற்கு அது இடந்தரும். ஆகவே பெயர்ச்சொல்லையும் சேர்த்தே வழங்க வேண்டும்.

6. சிதைவு வீதத்திலிருந்து ஏற்பளவு வரை

ஒரு நொடிக்கு ஒரு சிதைவு என்பது ஒரு பெக்கெரல். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டால் அளவைகளின் வேறுபாடு விளங்கும். ஒரு களிப்பாறையில் கிலோகிராமுக்கு ரேடியம்-226 40, தோரியம்-232 50, பொட்டாசியம்-40 800 பெக்கெரல் உள்ளன எனக் கொள்வோம். ஐக்கிய நாடுகள் அவையின் கதிர்வீச்சு விளைவுகளுக்கான அறிவியற் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் உலக மண் வகைகளுக்குத் தரப்பட்ட இடைநிலை மதிப்புகள் யுரேனியத்திற்கு 35, தோரியத்திற்கு 30, பொட்டாசியத்திற்கு 400 ஆகும்.

800 என்னும் எண் மற்ற இரண்டையும்விட மிகப் பெரியது. ஆனால் ஒவ்வொரு சிதைவும் ஒரே அளவு ஆற்றலைக் காற்றிற்குத் தருவதில்லை. தரைக்கு ஒரு மீட்டர் மேலே காற்று உட்கவரும் ஏற்பளவு வீதத்தைக் காண, அவ்வறிக்கையின் காரணிகளான 0.462, 0.604, 0.0417 ஆகியவற்றால் முறையே பெருக்க வேண்டும். கிடைப்பவை 18.5, 30.2, 33.4, கூட்டுத்தொகை மணிக்கு ஏறத்தாழ 82 நானோகிரே. 890 பெக்கெரலில் 800 பொட்டாசியத்தினுடையது. எனினும் ஏற்பளவில் அதன் பங்கு ஐந்தில் இரண்டு மட்டுமே. மூன்று எண்களையும் கூட்டி 'மொத்தக் கதிரியக்கம் 890' எனத் தலைப்பிடுவது அச்சுறுத்துமே அன்றி எதனையும் விளக்காது.

ஓர் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தை ஒருவர் திறந்தவெளியில் கழிக்கிறார் எனவும், காற்றின் ஏற்பளவை உடலின் ஏற்பளவாக மாற்றும் காரணி 0.7 எனவும் கொண்டால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 0.10 மில்லிசீவர்ட் ஆகிறது. திறந்தவெளிக்கு உலகச் சராசரி 0.07. எல்லா இயற்கை மூலங்களிலிருந்தும் ஒருவர் பெறும் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆக, ஒரே பாறைக்கு 890, 82, 0.10 என மூன்று எண்கள் கிடைக்கின்றன. அலகின்றியோ தவறான பெயரோடோ ஓர் எண்ணைத் தந்தால் எத்துணைப் பிழை நேரும் என்பது இதனால் புலனாகும்.

7. சில சொற்கள் குறித்த பரிந்துரைகள்

7.1 அளவு: தமிழில் 'அளவு' என்னும் சொல் செறிவு, சிதைவு வீதம், ஏற்பளவு ஆகிய மூன்றையும் சுட்டப் பயன்படுகிறது. நிறை விகிதத்திற்குச் 'செறிவு' என்றும், நொடிக்கு நிகழும் சிதைவுகளுக்குச் 'சிதைவு வீதம்' என்றும், கிலோகிராமுக்குக் கணக்கிட்ட சிதைவு வீதத்திற்குக் 'கதிரியக்கச் செறிவு' என்றும், பொருளோ உடலோ பெறுவதற்கு 'ஏற்பளவு' என்றும் வழங்கினால் மயக்கம் நீங்கும். 'செயல்திறன்' என்பது எந்திரத்திற்கும் ஊழியருக்கும் உரிய சொல், இங்குப் பொருந்தாது.

7.2 கதிரியக்கம், கதிர்வீச்சு: முன்னது அணுக்கருவின் பண்பு, பின்னது அதிலிருந்து வெளிப்படுவது. பாறைக்குக் கதிரியக்கம் உண்டு. பாறையின் அருகில் நிற்பவர் பெறுவது கதிர்வீச்சு. காமாக் கதிர் பட்டதனால் அவர் கதிரியக்கம் உடையவர் ஆகிவிடுவதில்லை. 'கதிரியக்கம் தாக்கியது' என்னும் செய்தித்தாள் வழக்கு, அது தொற்றுநோய் போலப் பரவும் என்னும் எண்ணத்தை வளர்க்கிறது.

7.3 பயனுறு: இயற்பியல் நூல்களில் வழங்கும் இவ்வடைமொழியைச் சீவர்ட்டில் கூறப்படும் ஏற்பளவுக்கும் சேர்த்துப் 'பயனுறு ஏற்பளவு' என்பர். மின்னியலில் இதனால் இடர்ப்பாடு இல்லை. ஆனால் உடல்நலம் பற்றிய அறிக்கையில் 'பயன்' என்னும் பகுதி நன்மையைக் குறிப்பதாகவே படிப்போர் கொள்வர். உறுப்புகளின் ஊறுபடும் தன்மையைக் கணக்கில் கொண்ட அளவை இது ஆதலால் 'விளைவுசார் ஏற்பளவு' என்பது ஏற்றது.

7.4 இடர்க்குறியெண்: கட்டுமானப் பொருள்களைத் தேர்ந்தெடுக்க, ரேடியத்தின் கதிரியக்கச் செறிவை 370ஆலும், தோரியத்தினதை 259ஆலும், பொட்டாசியத்தினதை 4,810ஆலும் வகுத்துக் கூட்டுவர். கூட்டுத்தொகை 1ஐ மிஞ்சலாகாது. மேற்கண்ட களிப்பாறைக்கு இது 0.47. இதனை 'ஆபத்து 0.47' என எழுதினால், நூற்றுக்கு 47 பேர்க்குத் தீங்கு நேரும் எனப் பொருள்கொள்ள இடமுண்டு. இது நிகழ்தகவு அன்று. வரம்போடு ஒப்பிட்ட விகிதமே. 'வரம்பு 1, இம்மாதிரிக்கு 0.47' என இரண்டையும் சேர்த்துத் தருதல் நலம்.

7.5 இயற்கை: தமிழில் இச்சொல்லுக்கு நன்மைச் சாயல் உண்டு. இயற்கை வேளாண்மை, இயற்கை மருத்துவம் என்னும் தொடர்கள் அதனை வலுப்படுத்தியுள்ளன. எனவே 'இயற்கைக் கதிரியக்கம்' என்றதும் அது தீங்கற்றது என்னும் கருத்து உருவாகிறது. இச்சொல் மூலத்தைக் குறிக்கிறதே ஒழியத் தன்மையைக் குறிக்கவில்லை. ரேடான் முழுவதும் இயற்கையானது. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக உலக நலவாழ்வு நிறுவனம் அதனைக் கருதுகிறது. மறுபுறம், மோனசைட்டு மணல் மிக்க கேரளத்தின் கருநாகப்பள்ளி வட்டத்தில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கும் மேல் தொடர்ந்து கண்காணித்து 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, புறக் காமாக் கதிர்வீச்சினால் புற்றுநோய் மிகுந்ததாகக் காட்டவில்லை. இவ்விரண்டையும் 'இயற்கை' என்னும் ஒரு சொல்லைக் கொண்டு முன்கூட்டியே தீர்மானிக்க இயலாது. தேவையான இடங்களில் 'இயற்கையில் தோன்றும் கதிரியக்கம்' என விரித்து எழுதினால் நன்மைச் சாயல் ஓரளவு குறையும்.

8. முடிவுரை

படிவுப் பாறை ஆய்வு, கனிமத்தை இனங்காண்பதில் தொடங்கி மனித உடல் பெறும் ஏற்பளவைக் கணக்கிடுவதில் நிறைவுறுகிறது. இடையிலுள்ள ஒவ்வொரு படியிலும் அளவை மாறுகிறது, அலகு மாறுகிறது. கலைச்சொல்லும் உடன் மாறியாக வேண்டும். தனிச்சொற்களை அகரவரிசைப்படுத்தித் தரும் கலைச்சொல் பட்டியல்கள் இத்தேவையை முழுதும் நிறைவு செய்வதில்லை. ஏனெனில் மயக்கம் தனிச்சொல்லில் தோன்றுவதைவிட, அடுத்தடுத்து வரும் அளவைகளுக்கு ஒரே சொல்லை வழங்குவதில்தான் மிகுதியாகத் தோன்றுகிறது. ஆகவே இத்துறைக்கான சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுடனும் அதன் அலகு, அது பாறையைச் சார்ந்ததா கதிரைச் சார்ந்ததா உடலைச் சார்ந்ததா என்னும் குறிப்பு, ஒரு முழுமையான எடுத்துக்காட்டு வாக்கியம் ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். மக்கள் கருத்துக்கேட்புக்கான சுருக்கங்களை மொழிபெயர்ப்போர் இறுதி வடிவத்தை அத்துறை வல்லுநர் ஒருவரிடமும், அறிவியல் பயிலாத வாசகர் ஒருவரிடமும் காட்டித் திருத்திக்கொள்வது நன்று. முன்னவர் எண்ணும் அலகும் பிழையற்றவையா எனக் காண்பார். பின்னவர் சொன்னதைத் திருப்பிக் கேட்டால், மூலம் கூறிய செய்திதான் அவரைச் சென்றடைந்ததா என்பது தெரிந்துவிடும்.